கிரைண்டர் காலில் செய்த லிவர்

“...தொடக் கூடாதுன்னா தொடக் கூடாதுதான் நைனா. கடைச் சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சு. எங்கப்பா காலத்துலேர்ந்து அதான் பழக்கம், நாளைக்குக் காலைல எடுத்தாதான் உண்டு. அதான் உன்னாண்ட வந்துகிறேன்” என்றான் பஞ்சர் கடைக்காரன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மதியம். என் கார் ஷெட்டு வாசலில் நின்றான். தன் பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி, கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல இடுப்பில் வைத்திருந்தான். புதுச்சட்டை போட்டிருந்தான். நெற்றியில் விபூதி, சந்தனம், அதன்மேல் குங்குமம். சக்கரத்தின் அழுக்கு புதுச்சட்டையில் பிறை மாதிரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் வயிற்றுக்குள் பாயசம் இறங்கியது போலிருந்தது எனக்கு.

கத்திரி வெயிலில் ஆரம்பித்த காத்திருப்பு அது. ஒரு கோடை முழுக்க, அப்புறம் ஒரு மழை, அப்புறம் நவராத்திரி. இவன் ஒருநாள் இப்படி என் வாசலில் வந்து நிற்க வேண்டும். யார் யாரை என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தானோ அவர்கள் முன்னாலேயே இவனை உட்கார வைக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். கோயிலுக்குப் போனால்கூட வேறெதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கபாலீஸ்வரருக்கே அலுத்துப்போயிருக்கும்.

நான் மாவு அரைப்பவன். ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய அபார்ட்மென்ட் ஒன்றின் தரைத்தளத்தில், மேல்வீட்டு மாமா காரை விற்றபிறகு காலியாகிக் கிடந்த ஷெட்டில் கிரைண்டர் போட்டிருக்கிறேன். “வாசனை மேல வராம பாத்துக்கோ, சத்தம் மத்தியானத்துல வேண்டாம், மத்தபடி உன் பாடு” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் மாமா. இட்லி மாவை அரைத்து, கேன்களில் ஊற்றி, பைக்கின் இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு மந்தைவெளி, மயிலாப்பூர் என்று வீடு வீடாகப் போடுவேன். படிப்பு ஏறவில்லை. ஆனால் வாசலில் நின்று மாவு ஊற்றும்போது ஆட்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு அப்படியொரு ருசி. ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றிச் சொன்னாள்: “அவ சமைச்சா பாத்திரமே அழுவும்.” இப்படிப்பட்டதைக் கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். அதனால்தானோ என்னவோ, என்னைப் பற்றி ஒருத்தன் சொன்னதும் அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

மந்தைவெளியில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிறது அவன் கடை. ஒரு கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, மரத்தில் மாலை போட்ட மாதிரி பழைய டயர்கள். எதிரே டீக்கடை. கத்திரி வெயிலில் ஒருநாள் மாட வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு மாவு கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். என் வியாபாரத்தில் பாதி அந்த மெஸ்தான். அவன் கடைக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு போனேன்.

“உக்காரு நைனா, டைம் ஆவும்” என்றான்.

உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பெரிய பைக்கில் ஒருத்தர் வந்தார். அவருக்குப் பார்த்தான். அப்புறம் ஓர் ஆட்டோ. அதற்கும் பார்த்தான். “மாவு கீது, கொஞ்சம் சீக்கிரம்” என்றேன். “மாவு எங்க ஓடிடப்போவுது” என்றான்.

கத்திரி வெயிலில் உளுந்து மாவு எங்கே ஓடும் என்று அவனுக்குத் தெரியாது. முதலில் கேனின் மூடி லேசாகத் தூக்கிக்கொண்டது. அப்புறம் ஓரத்தில் நுரை. அப்புறம் நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், மாவு வெளியே வந்தது. சீட்டில் வழிந்து, சைலன்சரில் வழிந்து, அந்தச் சூட்டில் அங்கேயே பாதி வெந்து, ரோட்டில் சொட்டியது. டீக்கடை நாய் எழுந்து வந்து நக்கிப் பார்த்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். டீ மாஸ்டர், “சைலன்சர்ல தோசை ஊத்தறாரு பாருப்பா” என்றார். அது நல்ல வார்த்தை. வேறு நாளாக இருந்தால் நானே ரசித்திருப்பேன்.

கடைசியில் பஞ்சர் ஒட்டிக் கொடுத்தான். மாட வீதி திரும்புவதற்குள் மறுபடியும் காற்று போனது. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தேன். டியூபைக் கழற்றினான். முதலில் போட்ட ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கம் புதிதாக இரண்டு சின்னக் கீறல்கள், பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்தமாதிரி. டயரை ரிம்முக்குள் ஏற்றும்போது நெம்புகிற இரும்பு லிவரை ஆழமாக விட்டால் டியூபைக் கவ்விக்கொண்டு இப்படித்தான் கடிக்கும். எனக்கு அப்போது அவ்வளவு தெரியாது. ஆனாலும் ஆணி ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முறை குத்தாது என்று தெரியும். அதைத்தான் சொன்னேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்: “மாவாட்டுறவனுக்கு டயரப் பத்தி இன்னா தெரியும்? உன் மாவு புளிச்சிச்சின்னு நான் வந்து சொன்னனா?”

புளித்திருந்தது. மெஸ்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், அதற்குள் மணியும் ஆகிவிட்டிருந்தது. “நாளைலேர்ந்து வேற எடத்துல பாத்துக்கறோம்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது அங்கே வேறு யாருடைய கேனோ நின்றுகொண்டிருந்தது.

மெஸ் போனது பெரிய அடி. அதைவிடப் பெரியது, அந்த மரத்தடியைத் தாண்டும்போதெல்லாம் அவன் விடுகிற குரல்: “இன்னா நைனா, இன்னிக்குப் பொங்கலியா?”

மெஸ் போன அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் மனைவியிடம் சொன்னேன், இனிமேல் என் வண்டிச் சக்கரத்தில் அவன் கை படாது என்று. “சரி, அடுத்த கடைக்குப் போங்க” என்றாள். “எந்தக் கடைக்காரன் கையும் படாது” என்றேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அப்ப யாரு கழட்டுவா, நானா?” என்றாள்.

கடையில் விற்கிற லிவரை வாங்கியிருக்கலாம்தான். வாங்கப் பிடிக்கவில்லை. மாவாட்டுறவன் என்றுதானே சொன்னான், மாவாட்டுகிற இடத்திலிருந்தே எடுத்துச் செய்கிறேன் என்று ஒரு வீம்பு. ஷெட்டு மூலையில் பழைய கிரைண்டர் ஒன்றின் ஸ்டாண்டு துருப்பிடித்துக் கிடந்தது. அதன் கால்கள் பட்டை இரும்பு. ரம்பத்தால் அறுத்து, கேட்டின் கம்பி இடுக்கில் ஒரு முனையை விட்டு மிதித்து வளைத்தேன். தோசைத் திருப்பியின் மூக்கு இருக்கும் பாருங்கள், அந்த வளைவு. முனையை அரத்தால் ராவினேன். ஒவ்வொரு ராவலுக்கும் அவன் முகத்தை நினைத்துக்கொண்டேன். கை வலிக்கவே இல்லை.

அடுத்தது டயரின் ஓரத்தைப் பிரிக்கிற வேலை. ரிம்மோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் அது. காலால் மிதித்தால் அசையாது. மாமா வீட்டில் பாத்ரூமுக்குப் புதுக் கதவு போட்டிருந்தார்கள், பழைய கதவு மாடிப்படிக்குக் கீழே சாத்தியிருந்தது. கேட்டதற்கு, “எடுத்துண்டு போ, ஆனா அதுல என்ன பண்ணப்போறேன்னு எங்கிட்ட சொல்லிடாதே” என்றார். அதிலிருந்து ஒரு நீளப் பலகை அறுத்து, கதவின் சொந்தக் கீலையே வைத்துச் சுவரோரக் கட்டையில் அதன் ஒரு முனையைப் பொருத்தினேன். பலகையின் நடுவில் ஒரு குட்டைக் கட்டை தொங்கும். சக்கரத்தைப் படுக்கவைத்து, அந்தக் கட்டையை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் நிறுத்தி, பலகையின் மறுமுனையை என் முழு எடையோடு அமுக்கினால், டயர் ஓரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழே இறங்கும். முதல் தடவை இறங்கியபோது நானும் பெருமூச்சு விட்டேன்.

பழைய மாவு கேனின் வாயை வெட்டி, ரிம்மின் ஓரத்தில் மாட்டுகிற மாதிரி துண்டுகள் செய்தேன், இரும்பு பட்டு ரிம் கீறாமலிருக்க. உடைந்த ரேடியோ ஏரியலின் மெல்லிசுக் குழாயில் நுனியைப் பிளந்து, காற்று அடிக்கிற வால்வுக்குள் இருக்கும் ஊசியைத் திருகி எடுக்க ஒன்று. இதையெல்லாம் கிரைண்டருக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து அடுக்கி வைப்பேன். மாமா ஒருநாள் எட்டிப் பார்த்தார். “மாவரைக்கற எடத்துல டயரைப் போட்டு உருட்டிண்டிருக்கயே, இட்லில ரப்பர் வாசனை வந்தா எங்காத்துல யார் சாப்பிடறது?” என்று கேட்டுவிட்டு, பலகையை ஒருதரம் அமுக்கியும் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் லிவர் என் டியூபைக் கடித்தது. அதே இரண்டு கீறல், பக்கத்துப் பக்கத்தில். டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் செய்த தப்பின் கைரேகை எனக்குக் கிடைத்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி என்று அந்த ஷெட்டில் எனக்கு மட்டும் தெரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? முனையை இன்னும் உருட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உதட்டில் வைத்து இழுத்தாலும் கீறாது என்கிற அளவுக்கு வந்தபிறகுதான் விட்டேன்.

ஒரு கூத்தும் நடந்தது. டயரை ரிம்முக்குள் வழுக்கி ஏற்ற எல்லோரும் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். என் கைக்கெட்டின தூரத்தில் அரைத்த உளுந்து இருந்தது. உலகத்தில் அதைவிட வழுக்குகிற வஸ்து எனக்குத் தெரியாது. ஓரம் முழுக்கத் தடவினேன். டயர் வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல இறங்கியது. பஞ்சர் கடைக்காரர்கள் யாருக்கும் தெரியாத ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அன்றைக்கு முழுக்க விசில் அடித்துக்கொண்டிருந்தேன். சில நாளில் வண்டியிலிருந்து ஒரு நாற்றம். என் மனைவி சொன்னாள், “ஏங்க, தெரு நாய்ங்க எல்லாம் வண்டியச் சுத்திச் சுத்தி வருதுங்க, கோயில் மாதிரி.” கழற்றலாம் என்று பலகையை அமுக்கினால், அசையவில்லை. உளுந்து காய்ந்து டயரையும் ரிம்மையும் சிமெண்ட் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றி, கீல் ஆணி பிடுங்கிக்கொள்கிற வரைக்கும் அமுக்கித்தான் பிரித்தேன். எப்படியோ இது டீக்கடைக்குப் போய்விட்டது. அடுத்த நாள் மரத்தடியிலிருந்து குரல்: “இன்னா நைனா, டயர்ல வடை சுட்டியாமே? சட்னி வச்சியா?”

சிரிக்கட்டும் என்று விட்டேன். சோப்புக்கு மாறினேன்.

மழைக்காலம் வருவதற்குள் கை பழகிவிட்டது. அபார்ட்மென்டில் யாருக்காவது பஞ்சர் என்றால் நான்தான். அப்புறம் எதிர் அபார்ட்மென்ட். அப்புறம் தெரு. காசு வாங்குவதில்லை. “சும்மா செய்யறானே, பாவம், நல்ல மனுஷன்” என்று ஓர் அம்மா என் காதுபடச் சொன்னாள். நான் நல்ல மனுஷன் இல்லை. ஒவ்வொரு சக்கரத்தைக் கழற்றும்போதும், இது அவன் மரத்தடிக்குப் போகாத சக்கரம் என்று எண்ணிக்கொள்வேன். அவனுடைய வாடிக்கை ஆட்கள் ஒவ்வொருத்தராக என் ஷெட்டுக்கு வரும்போது எனக்குப் பசிகூட எடுப்பதில்லை. டீ மாஸ்டரே தன் வண்டியைக் கொண்டுவந்தார். “அவன் கேட்டா நான் வந்தேன்னு சொல்லாதே” என்றார். சொல்லத்தான் ஆசையாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. அந்த நாளைப் பற்றி நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். காலையில் கிரைண்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டோம். பொட்டு வைத்துவிட்டால் அன்றைக்கு அதற்கு ஓய்வு, மறுநாள்தான் தொடுவோம். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு சாக்குப் பக்கம் வந்து, “இதுங்களுக்கும் வச்சிடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேணாம். இதுங்களுக்கு இன்னிக்கு வேலை கீது.”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “நல்ல நாளும் அதுவுமா” என்று மட்டும் சொல்லி, கிண்ணத்தைக் கிரைண்டர் மேலேயே வைத்துவிட்டுப் போனாள்.

என் கணக்கு இதுதான். அன்றைக்கு ஊரில் இருக்கிற பஞ்சர் கடை எல்லாம் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து மூடிவிடும். கடைக்குக் கடை வாழைக்கன்று கட்டுகிறார்கள். கட்டுகிற கம்பியும் அறைகிற ஆணியும் ரோட்டில்தான் விழும். எல்லோரும் வண்டியைக் கழுவி, மாலை போட்டு, அந்த ஆணி மேலேயே ஊர்வலம் போவார்கள். காலையிலேயே டீ மாஸ்டரிடம் சொல்லி வைத்தேன், யாருக்கு வேண்டுமானாலும் என் ஷெட்டைக் கைகாட்டச் சொல்லி. மதியத்துக்குள் கேட்டுக்கு வெளியே வரிசை நின்றது. மாலை போட்ட பைக், பொட்டு வைத்த ஸ்கூட்டர், சப்பென்று கிடக்கிற சக்கரங்கள். பாதிப் பேர் அவனுடைய வாடிக்கை. அவன் கம்ப்ரஸர் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற நேரத்தில் அவன் ஆட்கள் என் வாசலில் நிற்கிறார்கள். இதற்குமேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வரிசையைத் தாண்டித்தான் அவன் சக்கரத்தோடு வந்தான். திருவான்மியூரில் மகளைக் கொடுத்த இடம். வருஷா வருஷம் அன்றைக்குப் பொரி, கடலை, பழம், புதுத்துணி எல்லாம் கட்டிக்கொண்டு போகவேண்டும். “சம்பந்தி வூட்ல காத்துகினு கீறாங்க நைனா. மூட்டையா கீது, பஸ்ல போவ முடியாது.”

“உக்காருங்க” என்றேன். “டைம் ஆவும்.”

அவனுக்குப் புரிந்தது. டீக்கடையில் அன்றைக்கு இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வரிசையில் இருந்தார்கள், அவர்களுக்கும் புரிந்தது. கவிழ்த்துப் போட்ட மாவு கேன் ஒன்றைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன். உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டரை எடுத்தேன். நிதானமாகப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்று. அவன் போன் அடித்தது. “வந்துகினே கீறேன்மா” என்றான். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை.

அவன் சக்கரத்தை எடுத்து, பலகைக்கு அடியில் வைத்தேன்.

“அது இன்னாது, கக்கூஸ் கதவா?” என்றான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

“பாத்ரூம் கதவு.”

“கீலு நல்ல கீலு” என்றான், தனக்குத்தானே.

அமுக்கினேன். ஓரம் இறங்கியது. லிவரைப் போட்டு டயரை எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி உள்ளே வைத்தேன். கடைசிச் சாண் டயரை ஏற்றுகிற இடம்தான் இக்கட்டு. அங்கேதான் லிவர் டியூபைக் கடிக்கும். லிவரை உள்ளே விட்டேன். விடவேண்டியதைவிடக் கொஞ்சம் ஆழமாக. நுனிக்கு அடியில் டியூப் மெத்தென்று மாட்டிக்கொண்டது கையில் தெரிந்தது. ஒரே நெம்பு. இரண்டு கீறல், பக்கத்துப் பக்கத்தில். ஒட்டிய இடம் நன்றாக இருக்கும், காற்றும் நிற்கும், அடையாறு பாலத்துக்கு மேலே போகும்போது மெதுவாக உட்காரும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பஸ், நடுவில் பொரி மூட்டையோடு இவன். என்னால் முழுசாகப் பார்க்க முடிந்தது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொழில் அது. எந்தக் கோணத்தில் எது கடிக்கும் என்று அவனுக்குத் தெரியாமலிருக்காது. “எடு நைனா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நானும் லிவரை அப்படியே வைத்துக்கொண்டு இருந்தேன். வரிசையில் யாரோ இருமினார்கள்.

இரக்கம் வந்து நிறுத்தினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி இல்லை. இந்த டியூபைக் கடித்தால் அவன் அன்றைக்குச் சொன்னது நிஜமாகிவிடும், அவ்வளவுதான் தோன்றியது. லிவரை வெளியே எடுத்து, கேன் துண்டை மாட்டி, மேலாக விட்டு நெம்பினேன். டயர் சத்தமில்லாமல் உள்ளே போனது. காற்றடித்தேன். ஷெட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினேன், ஒரு குமிழி இல்லை. சக்கரத்தை அவன் காலடியில் நிறுத்தி, கேட்டுவரை கேட்கிற குரலில் கேட்டேன்:

“மாவாட்டுறவனுக்கு டயரப் பத்தி இன்னா தெரியும்?”

அவன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓரத்தைக் கண்ணால் பார்த்தான். ஒரு சுற்று முழுக்கப் பார்த்தான். குறை எதுவும் அகப்படவில்லை. “ஆமா நைனா, அன்னிக்கு நான்தான் கடிச்சேன்” என்றான். வரிசையில் எல்லோருக்கும் கேட்டது.

அந்த வார்த்தையைக் கோடையிலிருந்து கேட்கத் துடித்தவன் நான். கேட்டபிறகு அடுத்து என்ன சொல்வதென்று தயார் பண்ணி வைத்திருக்கவில்லை. இனிமேல் உன் மரத்தடியைக் காலி பண்ணிக்கோ, உன் ஆட்கள் எல்லாம் இனி என் ஆட்கள், இப்படி ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். வரிசையில் அடுத்த ஸ்கூட்டர்காரர் வண்டியை முன்னால் தள்ளினார்.

அவன் எழுந்து, கையைப் புதுச்சட்டையிலேயே துடைத்தான். நேராகக் கிரைண்டரிடம் போனான். அதன்மேல் இருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தான். பலகைக்கு முன்னால் குனிந்து, கீலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தான். அதன்மேல் குங்குமம். சாக்கில் கிடந்த லிவர்களுக்கு ஒவ்வொன்றாக வைத்தான். கேன் துண்டுகளுக்கு, ஏரியல் குழாய்க்கு, என் கையிலிருந்த கடைசி லிவரை மெதுவாக வாங்கி அதற்கும். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, கன்னத்தில் போட்டுக்கொண்டான். அப்புறம் சக்கரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கேட்டில் நின்ற வரிசையைப் பார்த்து, “அவ்ளோதாம்பா, பொட்டு வச்சாச்சு. நாளைக்குக் காலைல மரத்தடிக் கடையாண்ட வாங்க” என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டர்காரரின் வண்டியைத் தன் கையாலேயே திருப்பிவிட்டான்.